எழுத்தும் பேச்சும் எத்தனை வருடம் ஒருவருக்கே சொந்தம்?

சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். ஒரு நூலுக்கு எத்தனை வருடம் காப்புரிமை இருந்தால் நியாயம் என்பது ஒன்று. தேர்தல் சமயத்தில் தலைவர்கள் நேருக்கு நேர் விவாதித்தால் யார் நன்றாகச் செய்தார் என்று எப்படி எடைபோடுவது என்பது இன்னொன்று. "ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை அண்ணா, தனித்தனியாவே சொல்லுங்க" என்றார். சம்பந்தம் இருக்கிறது தம்பி. ஒருவர் எழுதியதும் பேசியதும் எப்போது நம் எல்லோருக்கும் பொதுவாகிறது என்பதுதான் இரண்டு கேள்விக்குள்ளும் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகப் பழைய தமிழ் நூல்களை மறுபதிப்புக்குத் தயார் செய்கிறேன். மெய்ப்புப் பார்ப்பது (அச்சுப் பிழை திருத்துவது), கிழிந்துபோன பக்கத்தை வேறு பிரதியில் தேடிப் பிடிப்பது, வாரிசுகளிடம் கையெழுத்து வாங்குவது, இதுதான் என் வேலை. அங்கிருந்து பார்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்து கொள்வோம். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்குத் தருவது. மருந்துக்கும் இயந்திரத்துக்கும் வருவது அதுதான். இந்தியாவில் அதன் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். நூலுக்கும் பாட்டுக்கும் உள்ளது பதிப்புரிமை. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அது இருக்கும், அவர் இறந்த பிறகும் 60 வருடம் தொடரும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து அந்த அறுபதை எண்ணுவார்கள். சினிமாவுக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டை வைத்து 60. இப்போது இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல வருடம் ஆய்வகத்தில் கிடந்து ஒரு மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு 20 வருடம் போதும் என்கிறது நம் சட்டம். முப்பது வயதில் ஒரு நாவல் எழுதி எண்பது வயதில் காலமானவரின் நூலுக்கு 110 வருடம் கொடுக்கிறது.

அந்த நூற்றுப்பத்து வருடம் ஒரு புத்தகத்தை என்ன செய்யும் என்று எனக்கு நேரில் தெரியும். எட்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடைபாதைக் கடை ஒன்றில் 1954-இல் அச்சான நாவல் கிடைத்தது. விலை இரண்டு ரூபாய் எட்டணா என்று போட்டிருந்தது. தாள் பழுத்துப்போய், விரல் பட்ட ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கடைசிப் பக்கங்களின் கட்டு தையல் விட்டுத் தனியாகக் கையோடு வந்துவிட்டது. கதை வண்ணாரப்பேட்டையில் நடக்கிறது. அந்தக் காலத்து வடசென்னைப் பெண்களின் பேச்சை அவ்வளவு சுத்தமாகக் காதில் வாங்கி எழுதிய இன்னொருவரை நான் படித்ததில்லை. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் முடித்தேன். இதை எப்படியாவது மறுபடி அச்சில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று இருந்தது.

ஆசிரியர் 1968-இல் இறந்தவர். அப்படியென்றால் 2028 டிசம்பர் 31 வரை உரிமை வாரிசுகளிடம். வெளியிட்ட பதிப்பகம் எப்போதோ மூடிவிட்டது. அவருடைய நான்கு பிள்ளைகளும் இன்று இல்லை. பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர். ஆறு மாதம் அலைந்து ஏழு பேரைப் பிடித்தேன். பெரம்பூரில் இருந்த பேத்தி கதவைத் திறந்தவர், "எங்க தாத்தா கதை எழுதினாரா?" என்று என்னைக் கேட்டார். நான் கொண்டுபோயிருந்த நகலை வாங்கி வாசற்படியில் நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். அதில் வரும் கிழவியின் பெயரைக் காட்டி, இது எங்கள் கொள்ளுப்பாட்டி பெயர் என்றார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பணத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மற்ற ஆறு பேரும் அப்படித்தான். மிச்சம் இரண்டு பேரில் ஒருவர் வெளிநாட்டில் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வீட்டு மனை விஷயமாக வழக்கு. அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என் கையெழுத்து வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். புத்தகம் வரவில்லை. நகல் என் அலமாரியில் இருக்கிறது.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூல்களுக்கு நம் சட்டத்தின் 31ஏ பிரிவில் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுத்து, உரிமம் கேட்டு விண்ணப்பித்து, விதிக்கிற தொகையைக் கட்ட வேண்டும். முந்நூறு படி அச்சடித்து இரண்டு வருடத்தில் விற்கிற பதிப்பாளர் விளம்பரச் செலவோடேயே உட்கார்ந்துவிடுவார்.

சரி, இந்த அறுபது எங்கிருந்து வந்தது? 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் முதலில் இருந்தது 50 வருடம்தான். தாகூர் 1941-இல் காலமானவர். அவருடைய நூல்களின் உரிமை அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1991 முடிவில் அது தீர இருந்தபோது, அந்த ஒரு காரணத்துக்காகவே எல்லோருக்கும் பத்து வருடம் நீட்டினார்கள். 1992-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு பெருங்கவியை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம், பெயர் தெரியாமல் போன ஆயிரம் எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு மேலும் பத்து வருடம் பூட்டுப் போட்டுவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. பூட்டு எல்லாப் புத்தகத்துக்கும் விழுகிறது, ஆனால் அறுபது வருடம் கழித்தும் விற்பனையில் இருக்கிற நூல் நூற்றில் ஒன்றிரண்டுதான்.

இதே அறுபது 1841-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வந்தது. இறந்த பிறகு 60 வருடம் வேண்டும் என்று ஒரு மசோதா. அதை எதிர்த்துப் பேசியவர் மெக்காலே. நம் படிப்பை ஆங்கிலத்துக்கு மாற்றியவர் என்று நாம் கோபத்தோடு நினைக்கிற அதே மெக்காலேதான். 1834-இல் சென்னையில் வந்து இறங்கி, உதகமண்டலம் போய் அப்போதைய கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபுவைப் பார்த்தவர். அவர் வாதம் எளிமையானது. பதிப்புரிமை என்பது எழுத்தாளருக்குப் பரிசு கொடுப்பதற்காக வாசகரிடம் வாங்குகிற வரி. அந்த வரி எழுத்தாளரை எழுத வைக்கும் அளவுக்கு இருந்தால் போதும். தான் செத்து அறுபது வருடம் கழித்து யாரோ ஒரு புத்தக வியாபாரிக்குப் பணம் வரும் என்ற நினைப்பில் எவரும் பேனாவை எடுப்பதில்லை. இந்த விஷயத்தில் அவர் பேச்சுக்கு நான் இதுவரை சரியான மறுப்பைப் படித்ததில்லை.

என் எண்ணைக் கேட்டால், எழுதியவரின் ஆயுள், அதன் பிறகு 25 வருடம். ஏன் 25? எழுத்தாளர் இறக்கும்போது வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அது வளர்ந்து, படித்து, ஒரு வேலையில் அமரும் வரை அந்தக் குடும்பத்துக்குப் புத்தகம் சோறு போட வேண்டும். அதற்கு மேல் அந்தக் கடமை வாசகருக்குக் கிடையாது.

இது நான் புதிதாகச் சொல்வதல்ல. 1911 பிரிட்டிஷ் சட்டம் 1914-இல் இந்தியாவுக்கும் வந்தது. அதில் ஆயுள், பிறகு 50 வருடம் என்று இருந்தாலும், நடுவில் ஒரு நல்ல வாசல் வைத்திருந்தார்கள். ஆசிரியர் இறந்து 25 வருடம் ஆனதும், உரிமையாளருக்கு முறைப்படி அறிவித்துவிட்டு, விற்கிற விலையில் பத்து சதவீதம் உரிமைத்தொகை கொடுத்தால் யார் வேண்டுமானாலும் நூலை அச்சிடலாம். வேண்டாம் என்று வாரிசு தடுக்க முடியாது. ஆனால் பணம் வாரிசுக்குப் போகும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்கள். அந்த வாசல் 1957 சட்டத்தில் இல்லாமல் போய்விட்டது. அது இருந்திருந்தால் என் வண்ணாரப்பேட்டை நாவலின் ஒன்பது பேருக்கும் உரிய பங்கை ஒரு கணக்கில் போட்டுவிட்டு நான் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பியிருப்பேன்.

உலக ஒப்பந்தம் தடுக்கும் என்று உங்கள் ஆசிரியர் சொல்லலாம். பெர்ன் ஒப்பந்தம் குறைந்தது 50 வருடம் கேட்கிறது, உண்மைதான். ஆனால் அது கட்டுப்படுத்துவது பிற நாட்டு நூல்களுக்கு நாம் தரும் பாதுகாப்பை. நம் ஊர் நூல்களுக்கு நாம் என்ன வைத்துக்கொள்வது என்பது நம் நாடாளுமன்றத்தின் கையில்.

எழுத்தாளர் வீட்டுப் பிள்ளைகள் கோபப்படுவார்கள் என்பது தெரியும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அப்பாவுக்குப் பணம் வராமல் போனது எப்போது? அவர் இறந்து நாற்பதாம் வருடத்திலா, உயிரோடு இருந்தபோதா? எனக்குத் தெரிந்து தமிழில் பாதி நூல்களுக்கு எழுத்துமூலமான ஒப்பந்தமே கிடையாது. முதல் பதிப்புக்கு ஒரு தொகை கொடுப்பார்கள், அப்புறம் எத்தனை பதிப்பு வந்தது என்பதே எழுதியவருக்குத் தெரியாது. சட்டம் எழுத்தாளர் பக்கம்தான் நிற்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் அப்படிக் கொடுத்தது ஐந்து வருடத்தோடு தீர்ந்துவிடும். 2012 திருத்தத்துக்குப் பிறகு சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், அந்தப் பாட்டு தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் தங்கள் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. இதையெல்லாம் உயிரோடு இருக்கும்போது கேட்டு வாங்க வேண்டும். அறுபதை எழுபதாக்குவதால் அந்த எழுத்தாளருக்கு ஒரு காபி செலவுகூடக் கூடுதலாகக் கிடைக்காது.

தமிழ்நாட்டில் நமக்கு வேறெங்கும் அதிகம் இல்லாத ஒரு வழக்கம் இருக்கிறது, நாட்டுடைமை. பாரதியிலிருந்து தொடங்கியது. தன் நூல்களை நாற்பது பகுதியாக, பகுதிக்குப் பத்தாயிரம் படியாக அச்சிட்டு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலச் சாதாரணமாக வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்று 1920-இல் திட்டம் போட்டவர் அவர். அடுத்த வருடமே திருவல்லிக்கேணியில், என் அறையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், இறந்துபோனார். அதன் பிறகு அவர் பாட்டைப் பாடுவதற்கு உரிமை ஒருவரிடம், அச்சிடுவதற்கு உரிமை இன்னொருவரிடம் என்று ஆனது. மக்கள் கிளர்ந்து கேட்டார்கள். சென்னை மாகாண அரசு 1949-இல் உரிமையை வாங்கியது, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஒலிப்பதிவு உரிமை வைத்திருந்த ஏ.வி.மெய்யப்பன் பணம் வாங்காமலே கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அண்ணா, கல்கி, புதுமைப்பித்தன் என்று பட்டியல் வளர்ந்தது. குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை தரும், நூல் எல்லோருக்கும் வந்துவிடும். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குப் போனால் இதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். கல்கியின் தடித் தடி நாவல்கள் கடைக்குக் கடை, விலைக்கு விலை அடுக்கி வைத்திருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் யாருடைய நூலைப் பொதுவாக்குவது என்று அரசு தேர்ந்தெடுக்கிறது. வண்ணாரப்பேட்டைக்காரர் பெயர் அந்த மேசைக்கு வரவே வராது. அதனால்தான் சட்டமே காலத்தைக் குறைக்க வேண்டும் என்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உரிமை தீர்ந்துவிட்டது என்பதற்காக அத்தியாயத்தை வெட்டலாம், நடையை மாற்றலாம் என்று அர்த்தம் இல்லை. மலிவுப் பதிப்புகளில் சொல்லாமல் சுருக்கியதைப் பார்த்திருக்கிறேன். மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுகிறவனுக்கு அது வயிற்றெரிச்சல்.

இப்போது பேச்சுக்கு வருவோம். பொதுக்கூட்டத்தில் ஒருவர் பேசினால் அந்தப் பேச்சுக்கும் பதிப்புரிமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பேசியவர்தான் முதல் உரிமையாளர். மயிலாப்பூர் மாங்கொல்லையில் ஒரு தலைவர் ஓட்டுக் கேட்டுப் பேசிய பேச்சு, சட்டப்படி அவர் இறந்து 60 வருடம் வரை அவருடையது, அவர் வாரிசுடையது. செய்தியாக வெளியிடலாம், விமரிசனத்துக்கு எடுத்தாளலாம். அந்த விலக்கு இருக்கிறது. முழுதாகத் தொகுத்துப் போடப் போனால் வழக்கு வரும். பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் யார் வெளியிடலாம் என்பது 2009-இல் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. வெளியீட்டுக்குத் தடை கேட்டவர்களுக்குத் தடை கிடைக்கவில்லை. தொலைக்காட்சி விவாதம் என்றால் இன்னும் சிக்கல். ஒளிபரப்பு மீது அந்த நிறுவனத்துக்கு 25 வருடம் தனி உரிமை.

ஓட்டுக் கேட்டு வாய் திறந்தவரின் பேச்சுக்கு ஒரு நாள்கூடத் தனியுரிமை இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நாவலாசிரியர் எழுதிப் பிழைக்கிறார், அவருக்குக் காலம் கொடுக்க வேண்டும். வேட்பாளர் அந்தப் பேச்சை நமக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு நம் ஓட்டை வாங்கிக்கொண்டு போகிறார். அந்த வாக்குறுதியின் ரசீது நம் கையில் இருக்க வேண்டாமா?

விவாதத்தில் யார் நன்றாகச் செய்தார் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. மறுபடி பார்க்க முடியாத விவாதத்தை எடைபோட முடியாது. முதல்முறை பார்க்கும்போது நாம் குரலையும் முகத்தையும்தான் பார்க்கிறோம். 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதியதைப் பற்றி எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள்: வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றார்கள், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் ஒரு சின்னக் கருத்துக்கணிப்பு, அதுவும் ஆய்வாளர்கள் சந்தேகப்படுவது. ஆனாலும் தோற்றம் நம்மை இழுக்கும் என்பது பொய்யில்லை. 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் நடந்த விவாதத்தில் பைடன் திணறியதைப் பார்த்தவர்கள், எதிரில் நின்ற டிரம்ப் சொன்னதில் எது உண்மை என்று கேட்க மறந்தே போனார்கள். பைடன் ஜூலை 21-இல் போட்டியிலிருந்தே விலகினார். அவர் தடுமாறியது முக்கியமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிரவு சொல்லப்பட்டவை எவை என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நான் கடைப்பிடிக்கிற முறை மெய்ப்புக்காரன் முறை. ஒரு நோட்டில் நடுவில் கோடு போடுவேன். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் அதற்கு வந்த பதில், பதில் மட்டும். "அதுக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வராதவருக்கு வலப்பக்கம் காலி. "உங்க ஆட்சியில என்ன நடந்தது?" என்று திருப்பிக் கேட்டால் அதுவும் காலி. இரவு எட்டு மணி விவாதத்தில் ஒரு தடவை பக்கம் முழுக்க இடப்பக்கம் நிரம்பி, வலப்பக்கம் மூன்றே வரி இருந்தது. அன்று நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டில் எல்லோரும் ஒருவரைப் பார்த்து "பிச்சு உதறிட்டார்" என்றார்கள். அவருக்கு நேரே என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவதாக நான் பார்ப்பது, எதிராளியின் வாதத்தை அவர் சொன்னபடியே எடுத்துச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறாரா என்பது. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் இது. நல்ல பேச்சாளர் எதிரணியின் கருத்தை முதலில் நேர்மையாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அதை உடைப்பார், கூட்டமும் அதைத்தான் ரசிக்கும். அரசியல் விவாதத்துக்கு வந்தால் மட்டும் அந்த அளவுகோலை ஏன் கீழே போட்டுவிடுகிறோம்?

இதற்கு நீங்கள் படிக்க வேண்டிய ஒரு விவாதம் இருக்கிறது. 1943-இல், நீங்கள் படிக்கிற சட்டக் கல்லூரியில், அது உயர்நீதிமன்றத்தை ஒட்டி இருந்த காலத்தில், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா என்று அண்ணாவும் ரா.பி.சேதுப்பிள்ளையும் மோதினார்கள். அதைப் பிறகு அச்சில் கொண்டுவந்தார்கள். அண்ணாவின் நூல்கள் 1995-இல் நாட்டுடைமை ஆனதால் இன்று யாரும் தயக்கமில்லாமல் அதை எடுத்துப் போடலாம். அதில் குரல் இல்லை, கைதட்டல் இல்லை. கேள்வி எது, பதில் எது என்று வரியில் விரல் வைத்துப் பார்க்கலாம். நான் அதை மூன்று முறை படித்திருக்கிறேன், யார் பக்கம் சாய்கிறேன் என்பது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மேடையில் ஒரே தடவை கேட்டிருந்தால் அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது.

அமெரிக்காவில் இதற்காகவே ஒரு சண்டை நடந்தது. 2007-இல், தன் மேடையில் நடக்கும் அதிபர் வேட்பாளர் விவாதங்களின் பதிவை யார் வேண்டுமானாலும் தடையில்லாமல் பயன்படுத்தலாம் என்று சிஎன்என் அறிவித்தது. அதே ஆண்டு ஃபாக்ஸ் நியூஸ், தன் விவாதத்தின் ஒரு துண்டை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று வேட்பாளர் மெக்கெயினுக்கே சொன்னது. பேசியவர் தன் பேச்சையே பயன்படுத்த முடியாத நிலைமை.

நமக்கு அந்தச் சண்டை போட முதலில் விவாதம் நடக்க வேண்டும். 2024 மே மாதம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி.ஷா, இந்த ஊர்ப் பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் சேர்ந்து பிரதமர் மோடியையும் ராகுல் காந்தியையும் ஒரே மேடைக்கு அழைத்தார்கள். ராகுல் சம்மதித்தார். விவாதம் நடக்கவில்லை. தமிழ்நாட்டிலும் முதல்வர் வேட்பாளர்கள் ஒரே மேசையில் உட்காரும் பழக்கம் வரவில்லை. அவர்களுக்காகச் செய்தித் தொடர்பாளர்கள்தான் இரவு இரவாகப் பேசுகிறார்கள்.

எனவே இப்போதைக்கு இருக்கிற விவாதங்களுக்கே என் கோரிக்கை. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து ஓட்டுப்பதிவு வரை கட்சிக்காரர்கள் பேசுகிற எந்த நிகழ்ச்சியின் பதிவையும், முழு நீளத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சேனல்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு பேச்சை அப்படியே எழுத்தாக்கி மறுநாளே வெளியிட வேண்டும். யூடியூபில் ஒரு புகார் போட்டால் ஐந்து வருடம் முந்தைய வாக்குறுதி மறைந்துவிடுகிற நிலைமை போக வேண்டும். எழுத்தாக்கும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றால், மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன் தம்பி. நீங்கள் உங்கள் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணிக்கு வாருங்கள். அப்படியே அந்த வண்ணாரப்பேட்டை நாவலின் நகலையும் காட்டுகிறேன். 2029 ஜனவரி 1-ஆம் தேதி அது அச்சுக்குப் போகும்.